கோஸ் பொரியல் நாறுவது ஏன்? முட்டைக்கோஸில் சத்து இருக்கிறதா, இல்லையா?

புதுக்கரண்டி

முட்டைக்கோஸ் பற்றி மூன்று கேள்வி. தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். "எதையும் அளவோடு சாப்பிட்டால் நல்லது" வகைப் பதில் வேண்டாம், ப்ளீஸ்.

ஒன்று, அரை கிலோ கோஸ், அரை டம்ளர் தண்ணீர், மூடி போட்டு 15 நிமிடம். இப்படிச் செய்தால் வீடு முழுக்க வாடை, சட்டியில் கஞ்சி மாதிரி தண்ணீர். எங்கே தப்பு?

இரண்டு, "அது வெறும் தண்ணிக்காய், சத்தே இல்லை" என்கிறார்களே, உண்மையா?

மூன்று, தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாதா?

பந்திவாணலி

தப்பைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். அந்த அரை டம்ளரும் அந்த 15 நிமிடமும்தான்.

கோஸில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர். வேக அதுவே போதும், வெளித்தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம்.

பழுதில்லாமல் வர: 1 கிலோ கோஸ் வாங்கினால் வெளி இலை இரண்டு மூன்றும் நடுத்தண்டும் போக 800 முதல் 850 கிராம்தான் நிற்கும். நாலாகப் பிளக்கவும். தண்டைச் சாய்வாகச் சீவி எடுக்கவும். வெட்டிய முகம் பலகையில் படுக்கிற மாதிரி வைத்து, குறுக்கே 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் அரியவும். அரிவாள்மனையில் நறுக்குகிறவர்கள் இந்தக் கனத்தைக் கண்ணாலேயே பிடிப்பார்கள். சின்னதும் பெரியதுமாக அரிந்தால், பெரியது வேகிறதுக்குள் சின்னது கூழாகிவிடும். அந்தக் கூழ்தான் தண்ணீர் விடுகிறது.

அகலமான இரும்பு வாணலி. 400 கிராம் அரிந்த கோஸுக்கு 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். பெரிய தீயில் கோஸைப் போட்டு 2 நிமிடம் புரட்டவும். மஞ்சள், உப்பு. 2 நிமிடம் மூடவும். திறந்து 3 நிமிடம் கிளறவும். அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்த்துருவல். மொத்தம் 7 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. பாசிப்பருப்பு சேர்ப்பதானால் 2 டேபிள்ஸ்பூன் பருப்பை அரை மணி ஊற வைத்து, விரலால் நசுக்கினால் உடையும் பதத்துக்குத் தனியாக வேக வைத்து, வடித்துக் கடைசியில் போடவும். கோஸோடு சேர்த்து வேக விட்டால் பருப்புக்காகக் கோஸ் காத்திருக்கும், கதை கெடும்.

உப்பில்தான் பலர் ஏமாறுவது. வாணலி நிறைய மலை மாதிரி நிற்பதைப் பார்த்து அள்ளிப் போடுவார்கள். ஐந்தே நிமிடத்தில் மலை பாதியாகிவிடும், உப்பு மட்டும் அப்படியே இருக்கும். காயின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு. 400 கிராமுக்கு 4 கிராம், அதாவது தட்டிய டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு.

இலைநரம்பு

மேலே சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். கோஸும் கடுகும் ஒரே குடும்பம். கடுகில் உள்ள காரத்துக்கு அடிப்படையான சினிக்ரின் என்ற கந்தகப் பொருள் கோஸிலும் உண்டு. அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி, இலையில் அதற்குப் பக்கத்திலேயே ஆனால் வேறு அறையில் இருக்கிறது. கத்தி பட்டதும் இரண்டு அறையும் உடைந்து கலக்கின்றன. பச்சைக் கோஸை மென்றால் நாக்கில் லேசாக ஏறும் கடுகுக்காரம் அதுதான். செடிக்கு அது பூச்சிக்கு எதிரான ஆயுதம், நமக்கு உடம்புக்கு நல்லது செய்யும் பொருள்களில் ஒன்று என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

வாடை இது அல்ல. கோஸில் உள்ள வேறு கந்தகச் சேர்மங்கள் நீண்ட நேரச் சூட்டில் சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு, டைமெத்தில் சல்பைடு போன்ற வாயுக்களாகின்றன. முதல் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம், அதற்குப் பிறகு மளமளவென்று ஏறும். குக்கரில் இரண்டு விசில் விட்ட கோஸ், பக்கத்து வீட்டுக்கும் தெரியும்.

கூடுதலாக ஒரு நுணுக்கம். அரிந்த கோஸைப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுச் சமைத்தால், சூடு நொதியைக் கொல்வதற்கு முன் அது வேலையை முடித்துக்கொள்ளும். மறந்துவிட்டால், அணைத்த பிறகு கால் டீஸ்பூன் வறுக்காத கடுகுப்பொடி தூவலாம். கடுகில் அதே நொதி உண்டு. தாளித்த கடுகு இதற்கு உதவாது, எண்ணெய்ச் சூட்டில் அதன் நொதி செத்துவிட்டது.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 100 கிராம் பச்சைக் கோஸில் 25 கலோரி, 5.8 கிராம் மாவுச்சத்து, 2.5 கிராம் நார்ச்சத்து, 1.3 கிராம் புரதம். வைட்டமின் சி சுமார் 36 மில்லிகிராம். தக்காளியில் 14 தான். வைட்டமின் கே 76 மைக்ரோகிராம், ஃபோலேட் 43 மைக்ரோகிராம், பொட்டாசியம் 170 மில்லிகிராம், சுண்ணாம்புச்சத்து 40 மில்லிகிராம். சுண்ணாம்பைக் கட்டிப்போடும் ஆக்சலேட் குறைவு என்பதால் அந்தச் சுண்ணாம்பு உடம்பில் நன்றாகச் சேரும். பசலைக்கீரையில் இது நடக்காது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி, பெண்ணுக்கு 65. பந்திவாணலி சொன்ன முறையில் 150 கிராம் கோஸ் வதக்கி, மூன்றில் ஒரு பங்கு வீணானாலும் 36 மில்லிகிராம் மிஞ்சும். அரை நாள் தேவை. 15 நிமிடம் தண்ணீரில் வேக வைத்து வடித்துவிட்டால், தண்ணிக்காய் என்ற பேச்சு உண்மையாகிவிடும். வைட்டமின் சி தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிருக்கும்.

கோஸிடம் கேட்கக்கூடாதது இரும்புச்சத்து. அரை மில்லிகிராம்கூட இல்லை. வைட்டமின் ஏயும் சொற்பம், அது கொஞ்சம் இருப்பது நாம் உரித்துப் போடும் கரும்பச்சை வெளி இலையில். ஆனால் பருப்பில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். பாசிப்பருப்பு போட்ட கோஸ் பொரியல் அந்த வகையில் நல்ல ஜோடி.

மூடிபோடு

திறந்து வைத்து வதக்கினால் பாதி வேகாது, அடியும் பிடிக்கும். முழுக்க மூடிச் சிறுதீயில் வைப்பதுதான் சரி. சத்து வெளியே போகாது.

பந்திவாணலி

@மூடிபோடு, வைட்டமின் சி ஆவியாகப் பறக்காது. சூட்டிலும் நேரத்திலும் தண்ணீரிலும்தான் அழியும். சிறுதீயில் மூடினால் நேரம் கூடுகிறது, அதுதான் நஷ்டம்.

நிறத்தையும் பாருங்கள். காயில் உள்ள புளிப்பு ஆவியோடு வெளியேற வேண்டும். மூடி தடுத்தால் அது திரும்பச் சொட்டி, பச்சை நிறத்தைப் பாசி நிறமாக்கும். பந்தியில் பழுப்பாக வரும் கோஸ் இப்படித்தான் பிறக்கிறது. அடி பிடிப்பது வாணலி சிறியதாக இருப்பதால். சின்ன வாணலியில் அரை கிலோவைத் திணித்தால் மேல் பாதி ஆவியில் வேகும், கீழ் பாதி கருகும். இரண்டு தடவையாகப் போடுங்கள்.

100 இலைக்கு 8 கிலோ கோஸ் கணக்கு. அதையும் ஒரே அண்டாவில் கொட்டாமல் இரண்டு ஈடாகத்தான் போடுவது. முழு வேக்காடு வருவதற்குச் சற்று முன்பே இறக்கிவிடணும். அண்டாவின் சூட்டிலேயே மீதி வெந்துகொள்ளும். சரியாக வெந்ததும் இறக்கினால் இலையில் விழும்போது குழைந்திருக்கும்.

பச்சையாக இருக்கட்டும் என்று சமையல் சோடா போடும் வழக்கம் சில இடத்தில் உண்டு. நிறம் நிற்கும், இலை நொளுநொளுத்துப் போகும், வைட்டமின் சியும் தயமினும் (வைட்டமின் பி1) போகும். தேவையில்லாத வேலை.

கோவாவறை

எங்கட பக்கம் இதுக்குப் பேர் கோவா. யாழ்ப்பாணத்தில கோவா வறை செய்யிற முறையைப் பாருங்கோ, மேல கேட்ட பிரச்சினை ஒண்டும் வராது.

கோவாவை நூல் மாதிரி மெல்லிசா அரியோணும், 1 மில்லிமீட்டர் எண்டால் நல்லது. 300 கிராம் கோவாவுக்கு அரை மூடித் தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம் ஆறு, பச்சை மிளகாய் மூண்டு, மஞ்சள் கால் தேக்கரண்டி, உப்பு. எல்லாத்தையும் அடுப்பில வைக்க முதலே கையால பிசைஞ்சு வைக்கிறது. பிசையேக்க கோவா கொஞ்சம் சோரும், உறைப்பு எல்லா இடமும் சேரும். பிறகு கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, அதுக்குள்ள கொட்டி 3 நிமிசம், கூடினால் 4 நிமிசம் வறுத்து இறக்கோணும். ஆற முன்னம் தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) கொஞ்சம். தேசிக்காயை அடுப்பில இருக்கேக்க விட்டால் பச்சை போயிடும்.

இலை தடிப்பா இருந்தால் இந்த முறை சரிவராது, பச்சை வாசம் நிக்கும். அப்பிடிப்பட்ட கோவாவைப் பெரிய துண்டா வெட்டி, வெந்தயம் போட்டுத் தேங்காய்ப்பால் கறி வையுங்கோ.

மண்டிக்கணக்கு

சமையலுக்கு முன்னாடி, வாங்குவதிலேயே பாதி இருக்கு. நீலகிரி, கொடைக்கானல் சரக்கும் தாளவாடி, ஓசூர் சரக்கும் சந்தையில் சேர்ந்தேதான் கிடக்கும். கோஸ் குளிர்ப் பயிர், 15 முதல் 20 டிகிரியில் நன்றாகக் கட்டும். கோடை வெயிலில் தண்ணீர் குறைவாக வளர்ந்த காயில் கந்தகப் பொருள் கூடி, காரமும் வாடையும் தூக்கலாக இருக்கும். ஏப்ரல் மே மாதத்தில் "இந்தத் தடவை மட்டும் ஏன் நாறுது" என்று தோன்றினால் சமைத்தவர் மேல் பழி போடாதீர்கள்.

பார்க்க வேண்டியது: ஒரே அளவில் இரண்டு காயை இரு கையில் எடுங்கள். கனமானதை எடுங்கள். அமுக்கினால் அழுந்தக்கூடாது, கிறீச்சென்று சத்தம் வரணும். தண்டு வெட்டிய இடம் வெள்ளையாக இருந்தால் புதுசு, பழுப்பேறிக் காய்ந்து பிளந்திருந்தால் பழசு. தலை வெடித்திருந்தால் முற்றியது. வெளி இலையை எல்லாம் உரித்து வெளுப்பாக வைத்திருக்கும் காய் பளபளப்பாகத் தெரியும், ஆனால் அது பல நாளாக உரித்து உரித்துப் புதுசாக்கப்பட்டதாக இருக்கலாம்.

வெட்டினால் உள்ளே தெரியும் சங்கதிகள். மிளகு தூவிய மாதிரி சின்னக் கரும்புள்ளி: இருப்பில் வரும் கோளாறு, நோய் அல்ல, சாப்பிடலாம். உள் இலை ஓரம் மட்டும் காகிதம் போலப் பழுப்பு: சுண்ணாம்புச்சத்து உள் இலைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஓரத்தை வெட்டிவிட்டுச் சமைக்கலாம். வழவழவென்று கசிந்து நாற்றம் அடித்தால் பாக்டீரியா அழுகல், முழுசாகத் தூக்கிப் போடுங்கள், பாதி நல்லா இருக்கு என்று பார்க்காதீர்கள்.

கழுவாமல் முழுசாக ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் வேண்டாம், அவை விடும் எத்திலீன் இலையை மஞ்சளாக்கி உதிர்க்கும். பாதி வெட்டியதை முகம் காயாமல் இறுக்கிச் சுற்றி மூன்று நாலு நாளில் முடித்துவிடவும்.

புதுக்கரண்டி

நன்றி, குறித்துக்கொண்டேன். 7 நிமிட முறையில் தண்ணீர் விடவே இல்லை. இன்னொன்று கேட்கணும். கோஸில் இருக்கும் புழு மூளைக்குப் போகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே? மருந்து அடிப்பதும் அதிகம் என்கிறார்கள்.

மண்டிக்கணக்கு

கோஸில் கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புழு பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், தொட்டால் நெளிந்து நூலில் தொங்கும். அது மூளைக்கும் போகாது, குடலுக்கும் கெடுதல் இல்லை. அருவருப்பு மட்டும்தான்.

மூளைக்குப் போவது பன்றி நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வரும் இளம்பருவம். அந்த முட்டை கண்ணுக்கே தெரியாது. மனித மலம் கலந்த தண்ணீர், மண், கழுவாத கை வழியாக எந்தக் காய்மேலும் ஒட்டலாம். கொத்தமல்லி, கேரட், வெள்ளரி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேக வைத்தால் செத்துவிடும். ஆகவே பொரியலுக்குப் பயமில்லை. பச்சையாகச் சாலட் போடுவதானால்தான் ஒவ்வொரு இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவணும். மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீர் பச்சைப் புழுவை வெளியே வர வைக்கும், நாடாப்புழு முட்டையைக் கொல்லும் என்று நம்பக்கூடாது.

மருந்து விஷயம் உண்மைதான். அந்த அந்துப்பூச்சி பல மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட பூச்சி. எச்சம் பெரும்பாலும் வெளி இலையில் நிற்கும். மூன்று நாலு இலை உரித்து, நாலாகப் பிளந்து, 1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் உப்பு கலந்து 10, 15 நிமிடம் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் அலசவும். அரிந்த பிறகு ஊற வைக்காதீர்கள், வெட்டிய முகம் வழியாகச் சத்துதான் வெளியே போகும்.

தோட்டக்காரர்களுக்கு ஒன்று. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை: 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. ஒன்று கோஸ் நடுவதற்கு 15 நாள் முன், இன்னொன்று நட்டு 25 நாள் கழித்து. அந்துப்பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகுதான் இஷ்டம், முட்டையை அங்கே கொண்டுபோய் வைக்கும். மருந்தை முக்கியமாகக் கடுகில் அடிக்கணும். இலைநரம்பு சொன்ன அந்தக் கந்தகப் பொருள்தான் இங்கே தூண்டில்.

இலைநரம்பு

தைராய்டு கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பயம் 1928-இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், கோஸையே முக்கிய உணவாகத் தின்ற முயல்களுக்குக் கழுத்துக்கழலை வந்ததைச் செஸ்னியும் உடன் பணியாற்றியவர்களும் பதிவு செய்தார்கள். காரணம், கோஸின் சில கந்தகப் பொருள்கள் உடைந்து தைராய்டு அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. ஆனால் முயல் சாப்பிட்டது நாள் முழுக்கப் பச்சைக் கோஸ். அயோடின் உப்பு சேர்க்கும் வீட்டில், வாரம் இரண்டு மூன்று தடவை வேக வைத்த கோஸ் ஒரு கப் சாப்பிடுவதால் அந்த நிலை வராது. வேக வைத்தால் நொதி அழிந்து அந்தப் பொருளும் குறைகிறது. தினமும் இரண்டு டம்ளர் பச்சைக் கோஸ் ஜூஸ் குடிக்கிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை.

மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி வரை காபி, உணவு இல்லாமல் இருப்பது. கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. இதை விட்டுவிட்டுக் கோஸை மட்டும் ஒதுக்குவதில் பயன் இல்லை.

உண்மையிலேயே கவனிக்க வேண்டியவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள். வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கோஸை நிறுத்த வேண்டாம், ஆனால் ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், அடுத்த வாரம் தினமும் என்று ஆடக்கூடாது.

சிறுநீரகக் கோளாறுக்குப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்குக் கோஸ் பொருத்தமான காய்களில் ஒன்று. அவர்கள் மட்டும் வேக வைத்து வடிக்கலாம்.

வாயு பற்றியும்: ராஃபினோஸ் என்ற சர்க்கரை சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கிறது. அளவைக் குறைத்து, வேக வைத்துச் சாப்பிடுவதே தீர்வு. பெருங்காயம், இஞ்சி வாசனைக்கும் ஆறுதலுக்கும்.

ஜூஸ்பிரியன்

கோஸ் ஜூஸ் அல்சரைக் குணப்படுத்தும், அதில் வைட்டமின் யு இருக்கு என்று படித்தேனே?

இலைநரம்பு

வைட்டமின் யு என்று ஒரு வைட்டமின் இல்லை. எஸ்-மெத்தில்மெத்தியோனின் என்ற பொருளுக்கு வைத்த செல்லப்பெயர். கார்னெட் செனி என்ற அமெரிக்க மருத்துவர் 1949-இல் 13 நோயாளிகளுக்குத் தினம் ஒரு லிட்டர் புதுக் கோஸ் சாறு கொடுத்து, புண் சீக்கிரம் ஆறியதாக எழுதினார். 13 பேர் என்பது சிறு எண்ணிக்கை. 1982-இல் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டுபிடித்த பிறகு அல்சர் வைத்தியமே மாறிவிட்டது. வயிற்றுப்புண் இருந்தால் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பரிசோதிக்கவும். ஜூஸை நம்பி நாள் கடத்துவது ஆபத்து.

தள்ளுவண்டி

எல்லாரும் சத்தையே பேசுறீங்க. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்கும் "காளான்" இருக்கே, அதில் பேர்தான் காளான், ஆள் கோஸ். வீட்டு அளவு இது.

கோஸ் பொடியாக அரிந்தது 300 கிராம், காளான் 100 கிராம், மைதா 100 கிராம், சோளமாவு 50 கிராம், மிளகாய்த்தூள், இஞ்சிப்பூண்டு, உப்பு. தண்ணீர் ஊற்றவே கூடாது. உப்பு பட்டதும் கோஸ் விடும் தண்ணீரிலேயே பிசையணும். பிசைந்ததும் உடனே பொரிக்கணும். அரை மணி போட்டு வைத்தால் மாவு இளகி, இன்னும் மைதா கொட்ட வேண்டி வந்து, கடைசியில் மைதா பஜ்ஜிதான் மிஞ்சும். எண்ணெயும் குடிக்கும். கோஸ் வடை, பக்கோடாவுக்கும் இதே விதி.

பொரித்ததைத் தோசைக்கல்லில் கரண்டியால் கொத்தி, வெங்காயம், தக்காளி, கரம் மசாலா, சோளமாவு கரைத்த தண்ணீர் ஊற்றிக் கொழகொழவென்று வரும்வரை புரட்டணும். மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி. இதில் வைட்டமின் சி பற்றி யாரும் கேட்காதீங்க.

ஊறல்ஜாடி

புளிக்க வைப்பதைச் சொல்லாமல் கோஸ் இழை முடியாது. ஜெர்மானியர்களின் சார்க்ராட்டுக்கு இரண்டே பொருள், கோஸும் உப்பும். 1768-இல் கிளம்பிய ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஸ்கர்வி நோய்க்குத் தடுப்பாக இதைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றினார்கள். மாதக்கணக்கில் கெடாத காய் அது.

1 கிலோ மெல்லிதாக அரிந்த கோஸுக்கு 22 கிராம் கல்லுப்பு, தராசில் நிறுத்து. ஸ்பூன் கணக்கு வேண்டாம், கல்லுப்பும் தூளுப்பும் ஸ்பூனில் வெவ்வேறு எடை. பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால் சாறு விடும். கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காக அமுக்கி, காய் முழுக்கச் சாறுக்குக் கீழே இருக்கும்படி ஒரு முழு இலையால் மூடி, மேலே சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைத்துப் பாரம் ஏற்றவும். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேறணும்.

புத்தகங்களில் 18 முதல் 22 டிகிரியில் மூன்று நாலு வாரம் என்று போட்டிருப்பார்கள். நம் ஊர் 30 டிகிரிக்கு அது பொருந்தாது. மூன்றாம் நாளே ருசி பார்க்கத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாளில் ஃப்ரிட்ஜுக்கு மாற்றவும். விட்டால் புளிப்பு ஏறி இலை தொளதொளத்துவிடும். மேலே மெல்லிய வெள்ளை ஆடை வந்தால் வழித்தெடுக்கலாம், மேற்பரப்பில் காற்றுப் பட்டதன் அடையாளம். பச்சை, கறுப்பு, ரோமம் போல் பூஞ்சை வந்தால் ஜாடியோடு கொட்டுங்கள்.

ரத்த அழுத்தக்காரர்கள் கவனிக்க: 100 கிராமில் 2 கிராமுக்கு மேல் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் வரம்பே 5 கிராம்தான்.

புதுக்கரண்டி

சிவப்புக் கோஸை வதக்கினால் நீலமாகிவிடுகிறதே, கெட்டுப்போனதா?

இலைநரம்பு

இல்லை. அந்த நிறமி புளிப்பில் சிவப்பு, காரத்தன்மையில் நீலம். போர்வெல் தண்ணீரில் கழுவி, அது ஒட்டியபடி வதக்கினாலே போதும், நீலம் ஏறிவிடும். அரை எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே திரும்பச் சிவக்கும். பச்சைக் கோஸைவிட இதில் வைட்டமின் சி அதிகம், 100 கிராமுக்கு 57 மில்லிகிராம். விலைக்கு அது நியாயமா என்பது உங்கள் சந்தையைப் பொறுத்தது.

மூடிபோடு

சரி, திறந்து வைத்தே செய்து பார்க்கிறேன். நடுத்தண்டைத் தூக்கித்தான் போடணுமா?

பந்திவாணலி

வேண்டாம். மேல்தோல் நாராக இருக்கும், அதை அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவிவிட்டால் உள்ளே நூல்கோல் மாதிரி இனிப்பாக இருக்கும். பொடியாக நறுக்கிச் சாம்பாரில் போடலாம், துவரம்பருப்போடு வேகட்டும். மிஞ்சிய தடிமனான இலை நரம்பையும் தண்டோடு சேர்த்து வதக்கி, இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு டேபிள்ஸ்பூன் உளுத்தம்பருப்பு, கொட்டைப்பாக்கு அளவு புளி வைத்துத் துவையல் அரைத்தால் தயிர்சாதத்துக்கு ஆகும். அரைக்கும்போது தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம்.